ஹனோய் ராணுவ வரலாற்று அருங்காட்சியகம்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஹனோயில் வண்டி ஏறி "ராணுவ மியூசியம்" என்று சொன்னால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. வியட்நாம் ராணுவ வரலாற்று அருங்காட்சியகம் பல பத்தாண்டுகளாக தியன் பியன் ஃபூ தெருவில், 1812-இல் கட்டி முடித்த கொடிக்கோபுரத்தை ஒட்டி இருந்தது. பழைய பயணக் கையேடுகளில் இன்னமும் அந்த முகவரிதான் இருக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் அது நகரின் மேற்கே, தாங் லாங் பெருஞ்சாலை ஓரத்தில், ஏறக்குறைய 95 ஏக்கர் வளாகத்துக்கு இடம் மாறிவிட்டது. பழைய நகரப் பகுதியில் தங்கியிருப்பவர்கள் கிராப் என்ற வாடகை வண்டிச் செயலியில் புதிய இடத்தைக் குறித்துவிட்டே ஏறுங்கள். ட்ரூங் சின் தெருவில் இருக்கும் வான்படை அருங்காட்சியகம் வேறு. பலரும் படம் போடுகிற போர் எச்சங்கள் அருங்காட்சியகமோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஹோ சி மின் நகரத்தில் இருக்கிறது.

அடுத்தது நேரம். திங்களும் வெள்ளியும் விடுமுறை. மற்ற நாட்களிலும் காலை பதினொன்றரைக்கு மூடி, மதியம் ஒரு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். பத்தரைக்குப் போய் இறங்கினால் ஒரு மணி நேரம்தான் கையில். கிளம்பும் முன் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கே வாசலில் நிற்பது நல்லது. ஜூன், ஜூலை வெயிலில் வெளிமுற்றத்தில் நிற்கும் டாங்கிகளும் விமானங்களும் அடுப்பு போலச் சுடும். அந்த முற்றத்தை முதலில் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

இவை திருத்திக்கொள்ளக்கூடிய தவறுகள். எனக்கு மனவருத்தம் தருவது வேறொன்று. "வியட்நாம் போர்" என்ற ஒரே பெயரை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போய், அமெரிக்க ஹெலிகாப்டர் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வியட்நாமியர் அதை அமெரிக்காவை எதிர்த்த போர் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் கதையில் அது ஐந்தாவது அத்தியாயம். 938-இல் பாக் டாங் ஆற்றில் இரும்பு முனை பொருத்திய மரக் கழிகளை நட்டு, ஓதம் வடியும் நேரத்தில் சீனக் கப்பல்களைச் சிக்கவைத்தார் ங்கோ குயென். 1288-இல் அதே ஆற்றில், அதே உத்தியால், மங்கோலியப் படையைத் தடுத்தார் ட்ரான் ஹுங் தாவ். இதைப் பார்க்காமல் 1954-க்குத் தாவினால், பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து நின்ற துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பது விளங்காது.

1954-க்கு வரும்போது மட்டும் பீரங்கிகளை விட்டுவிட்டு ஒரு சைக்கிளைத் தேடுங்கள். வடமேற்கு மலைப்பகுதியில் தியன் பியன் ஃபூ என்ற இடத்தில் இருந்த பிரெஞ்சுக் கோட்டையை வியட்நாமியர் முற்றுகையிட்டபோது அரிசி சுமந்த சுமை சைக்கிள் அது. ஹேண்டில் பாரில் ஒரு மூங்கில் கழியை நீட்டிக் கட்டியிருப்பார்கள், திருப்புவதற்கு. இருக்கைக்குப் பின்னால் இன்னொரு கழி, தள்ளுவதற்கு. டியூப் வெடிக்காமல் இருக்கப் பழந்துணியைக் கிழித்துச் சுற்றினார்கள். ஏறி ஓட்டுவதற்கு அதில் இடமே கிடையாது. 200 கிலோவுக்கு மேல் ஏற்றி, மலைப்பாதையில் கூடவே நடந்து தள்ளினார்கள். 56 நாள் முற்றுகைக்குப் பின் மே 7 அன்று பிரெஞ்சுக் கோட்டை விழுந்தது. அதன்பின் வந்த, போரை நிறுத்தி நாட்டைத் தற்காலிகமாக வடக்கு, தெற்கு என்று பிரித்த ஜெனீவா உடன்படிக்கையைக் கண்காணித்த ஆணையத்துக்குத் தலைமை வகித்தது இந்தியா என்பது நம்மில் பலருக்கு மறந்தே போய்விட்டது.

அறிவிப்புப் பலகையில் எழுதியதை அப்படியே விழுங்குவதும் தவறு, "பிரசாரம்" என்று ஒரே சொல்லில் தள்ளுவதும் தவறு. 5121 எண்ணிட்ட மிக்-21 போர் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 டிசம்பர் 27 இரவு ஃபாம் துவான் இதில் பறந்து அமெரிக்காவின் ஒரு பி-52 குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்தினார் என்கிறது வியட்நாம். மிக் விமானத்தால் எந்த பி-52-உம் விழவில்லை என்கிறது அமெரிக்கா. அதே ஃபாம் துவான் 1980-இல் சோவியத்தின் சோயுஸ் கலத்தில் விண்வெளிக்குப் போனார், ஆசியாவிலிருந்து முதல் ஆளாக.

வடக்கு வியட்நாம் படையின் 843 எண்ணிட்ட டி-54 டாங்கியின் கதை இன்னும் நுட்பமானது. 1975 ஏப்ரல் 30 அன்று தெற்கு வியட்நாமின் தலைநகரான சைகோனில் (இன்றைய ஹோ சி மின் நகரம்) அதிபர் மாளிகை வாயிலுக்கு முதலில் வந்தது இதுதான். ஆனால் பக்க வாயிலில் சிக்கிக்கொண்டது. பிரதான வாயிலை இடித்து நுழைந்தது 390 எண் டாங்கி. 843-இன் தளபதி புய் குவாங் தன் இறங்கி ஓடி மாடியில் கொடியை ஏற்றினார். வாயிலை உடைத்த பெருமையும் பல ஆண்டுகள் 843-க்கே போனது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் பிரான்சுவாஸ் டெமுல்டர் அன்று எடுத்த படம் வெளிவந்த பிறகுதான் 390-இன் பங்கு தெரிந்தது. இன்று அந்த மாளிகைத் தோட்டத்தில் நிற்கும் இரண்டும் அதே வகை டாங்கிகள்தான், அன்று வந்தவை அல்ல. அசல் 843 இங்கே, ஹனோயில் நிற்கிறது.

"ங்குயி" என்ற சொல் கண்ணில் பட்டால் கவனியுங்கள். போலி, அதாவது பிறர் ஆட்டுவிக்கும் பொம்மை, என்று பொருள். தெற்கு வியட்நாம் அரசையும் படையையும் அப்படித்தான் குறிக்கிறார்கள். அந்தப் பக்கம் நின்று செத்தவர்களும் வியட்நாமியர்தான்.

கடைசியாக, கைகளைப் பற்றி. புதுக் கட்டடம் திறந்த முதல் வாரங்களில் கூட்டம் அலைமோதியது. பீரங்கிக் குழாயில் தொங்கியவர்களும், பிள்ளைகளை ஏற்றி உட்காரவைத்தவர்களும் உண்டு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். போரில் இறந்தவர்களில் ஏறக்குறைய 2 லட்சம் பேரின் எலும்புகூட இன்னும் வீடு வந்து சேரவில்லை. பச்சைச் சீருடையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு முதியவர்கள் இங்கே வருவார்கள், குறிப்பாக ஜூலை 27 தியாகிகள் நாளையொட்டி. கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள், எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்று கேட்காதீர்கள். "சாவ் ஓங்" என்றால் வணக்கம் தாத்தா. அதைச் சொல்லிவிட்டு, அவர் எந்த வண்டியின் முன் நிற்கிறாரோ அங்கிருந்து ஓரடி தள்ளி நில்லுங்கள்.