பட்டன் ஸ்டார்ட் காரைச் சிக்னல் திருட்டிலிருந்து காப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பல வீடுகளுக்கு கார் நிறுத்த இடம் கிடையாது. வீடு சரிவில் கீழே இருக்கும், கார் மேலே ரோட்டோரம் நிற்கும். ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) கதவைத் திறந்தாலே தெருதான். வீட்டுக்குள் நுழைந்ததும் சாவியை மாட்டும் ஆணியோ வாசற்கதவை ஒட்டியே இருக்கும். சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே கதவு திறந்து, பட்டனை அழுத்தினால் கிளம்பும் கார் உங்களிடம் இருந்தால், முதலில் மாற்ற வேண்டியது அந்த ஆணியின் இடத்தைத்தான்.

காரணம் இது. நீங்கள் கைப்பிடியைத் தொட்டதும், கார் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான குறைந்த அதிர்வெண்ணில் சாவியைக் கூப்பிடுகிறது. அந்தக் குரல் ஓரிரு மீட்டருக்கு மேல் எட்டாது. கேட்ட சாவி, ரேடியோ அலையில் தன் ரகசியக் குறியீட்டை அனுப்புகிறது, கதவு திறக்கிறது. திருடர்கள் இருவராக வருகிறார்கள். ஒருவர் காரின் அருகே, இன்னொருவர் உங்கள் வீட்டுச் சுவரோரம். காரின் குரலை ஒருவரின் கருவி பிடித்து மற்றவரின் கருவிக்கு அனுப்ப, அது சுவரைத் தாண்டிச் சாவியின் காதில் விழுகிறது. கார் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பிச் சாவி பதில் சொல்லிவிடுகிறது. குறியீட்டை உடைக்கும் வேலையே இல்லை. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 மாடல்களில் இதைச் செய்துபார்த்து 2011இல் வெளியிட்டார்கள், பத்துமே திறந்தன. கண்ணாடி உடையாது, அலாரம் அடிக்காது. ஓடும் வண்டி நடுவழியில் அணைந்தால் விபத்து ஆகும் என்பதால், சாவி தொலைவில் போனாலும் பெரும்பாலான கார்களில் இன்ஜின் நிற்பதில்லை. அப்படியே மலை இறங்கிவிடலாம்.

படி 1: உங்கள் சாவி எந்த வகை என்று பாருங்கள்

ரிமோட்டில் பட்டனை அழுத்தினால்தான் திறக்கும், துளையில் சாவியைத் திருகினால்தான் கிளம்பும் என்றால் இந்தத் திருட்டு உங்களைத் தொடாது. புதிய சில கார்களில் 'அல்ட்ரா வைட்பேண்ட்' என்ற முறை உண்டு. சிக்னல் போய்வரும் நேரத்தைக் கொண்டு சாவியின் உண்மையான தூரத்தை அது கணக்கிடுவதால், இப்படி ஏமாற்றுவது மிகக் கடினம். கையேட்டில் பாருங்கள்.

படி 2: சாவியை டப்பாவில் போடுங்கள்

இதற்கென்றே உலோக இழை வைத்துத் தைத்த 'ஃபாரடே பை' விற்கிறது. வாங்கும்வரை, மூடி இறுக்கமாக உட்காரும் பிஸ்கட் தகர டப்பாவே போதும். பிளாஸ்டிக் மூடி போட்ட டப்பா உதவாது. அலுமினியத் தாளை ஒரு சுற்றுச் சுற்றுவதையும் நம்ப வேண்டாம். சிலர் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வார்கள். ஈரம் சாவியைக் கெடுக்கும், அதைச் செய்யாதீர்கள்.

எதில் போட்டாலும் சோதிக்காமல் விடாதீர்கள். சாவியை உள்ளே வைத்து மூடி, டப்பாவை டிரைவர் கதவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் தொடுங்கள். திறந்தால் அந்த டப்பா பயனில்லை. பைகள் மடிப்பில் தேய்ந்து, உள்ளே இழை அறுந்துவிடும். வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும். அதனால் மாதம் ஒருமுறை இதே சோதனையைச் செய்யுங்கள். மாற்றுச் சாவியும் அதே டப்பாவில்தான் இருக்க வேண்டும். பலர் ஒன்றைப் பூட்டி வைத்துவிட்டு, மற்றொன்றை ஜன்னலோர மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிடுகிறார்கள்.

படி 3: சாவியைத் தூங்க வைக்க முடியுமா என்று கேளுங்கள்

சில சாவிகள் சற்று நேரம் அசையாமல் இருந்தால் தாமே அடங்கிவிடும். சில மாடல்களில், சாவியை எடுக்காமலே திறக்கும் 'கீலெஸ்' வசதியை அமைப்பிலேயே நிறுத்தலாம். சர்வீஸுக்கு விடும்போது கேட்டுவிடுங்கள்.

படி 4: இரும்புப் பூட்டு போடுங்கள்

கியர் லாக் அல்லது ஸ்டீயரிங் பூட்டு. என்னைக் கேட்டால் இரவில் ரோட்டில் நிற்கும் வண்டிக்கு இது கட்டாயம். சிக்னலைத் திருடியவனிடம் இதற்குச் சாவி இல்லை. அறுக்க நேரம் பிடிக்கும், சத்தமும் வரும். ஸ்டீயரிங்கில் மாட்டுவது வெளியிலிருந்தே கண்ணில் படும், மூடுபனி நாட்களில் மட்டும் அந்தப் பயன் குறையும்.

படி 5: பூட்டியதைக் கண்ணால் உறுதி செய்யுங்கள்

ஊட்டி சேரிங்கிராஸ், குன்னூர் பெட்போர்டு மாதிரி நெரிசலான இடத்தில் ரிமோட்டை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்காதீர்கள். ஜாமர் கருவியால் பூட்டும் சிக்னலைத் தடுத்துவிடலாம். விளக்கு மினுங்குவதைப் பாருங்கள். கீலெஸ் சாவி பையில் இருக்கும்போது கைப்பிடியை இழுத்தால் கதவு திறந்துகொள்ளும் என்பதால், பக்கத்து ஜன்னல் வழியாகப் பூட்டுக் குமிழ் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதே மேல்.

படி 6: பேட்டரி செத்தால் என்ன செய்வது என்று இன்றே பழகுங்கள்

டிசம்பர், ஜனவரி உறைபனியில் சாவிக்குள் இருக்கும் வட்ட பேட்டரி வலுவிழக்கும். பெரும்பாலும் சிஆர்2032 வகை, கடையில் கிடைக்கும். சாவியின் பக்கத்தில் இருக்கும் சிறு பொத்தானைத் தள்ளினால் உள்ளே ஒளிந்திருக்கும் உலோகச் சாவி வெளியே வரும், அதில் கதவைத் திறக்கலாம். பிறகு பேட்டரி உள்ள சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் கிளம்பிவிடும். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை செய்துபாருங்கள்.

படி 7: கார் காணாமல் போனால்

உடனே 112. நீலகிரியிலிருந்து வெளியேறும் முக்கியச் சாலைகள் சிலவே: பர்லியாறு, குஞ்சப்பனை, கக்கநல்லா, நாடுகாணி என்று விரல்விட்டு எண்ணலாம். தகவல் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, அவ்வளவுக்குச் சோதனைச்சாவடியில் மறிக்க வாய்ப்பு. பதிவு எண், நிறம், சேசிஸ் எண் மூன்றையும் போனில் குறித்து வைத்திருங்கள். காப்பீட்டு நிறுவனம் முதல் தகவல் அறிக்கையோடு இரண்டு அசல் சாவிகளையும் கேட்கும். ஒன்று குறைந்தால் அதற்கு விளக்கம் சொல்ல நேரிடும்.