வீசிங் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பையனுக்கு வீசிங் இருக்கு" என்று சொல்லி மருந்துக்கடையில் சிரப் வாங்கிப் போவது நம் ஊரில் சகஜம். முதல் தவறே அங்கேதான். வீசிங் நோய் அல்ல, அறிகுறி. சுருங்கிய மூச்சுக்குழாய் வழியாக, பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது, வரும் விசில் சத்தம். குழாய் ஏன் சுருங்கியது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆஸ்துமாவாக இருக்கலாம், வருடக்கணக்கில் பீடி, விறகடுப்புப் புகையில் இருந்தவர்களுக்கு வரும் சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம். வயதானவர் ராத்திரி படுத்ததும் திணறி எழுந்து உட்கார்ந்தால், இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கவும் கூடும்.

நேற்றுவரை நன்றாக விளையாடிய இரண்டு வயதுக் குழந்தை, கடலை தின்னும்போது புரையேறி இருமி, அப்புறம் இரைக்க ஆரம்பித்தால் அது சளி இல்லை. கடலை ஒரு பக்கக் குழாயில் சிக்கியிருக்கலாம். இருமல் அடங்கிவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அதையும் வீசிங் என்றே சொல்லிவிடுகிறோம். அது ஸ்ட்ரைடர். அடைப்பு தொண்டைப் பக்கம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம்.

இதைவிட ஆபத்தான தப்புக்கணக்கு ஒன்று உண்டு: "சத்தம் நின்னுடுச்சு, சரியாயிடுச்சு." விசில் வரவும் காற்று ஓட வேண்டுமே! கடுமையான ஆஸ்துமாவில் காற்றே போகாமல் நெஞ்சு அமைதியாகிவிடும். ஆள் பேச முடியாமல் திணறுகிறார், உதடு நீலமாகிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று மாத்திரை கேட்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சால்புடமால், இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரை அதைப்போல் 40 மடங்கு. கை நடுக்கமும் படபடப்பும் எதில் அதிகம் வரும் என்று நீங்களே சொல்லுங்கள். அதற்காக ஆஸ்துமாக்காரர்கள் சால்புடமாலை மட்டும் அடித்துக்கொண்டே இருப்பதும் தவறு. அது சுருங்கிய குழாயை விரிக்குமே தவிர, உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. பெரியவர்களுக்கு அதை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று சர்வதேச ஆஸ்துமா அமைப்பான ஜினா 2019-லேயே சொல்லிவிட்டது. அழற்சிக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டும். அதை இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியும்.