லினக்ஸ் கணினி அடிக்கடி நின்றுபோகிறதா? மலையில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியவை

வேலையின் நடுவே லினக்ஸ் கணினி உறைந்துபோனாலோ தானாக ரீஸ்டார்ட் ஆனாலோ, உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவாதீர்கள். காரணம் சொல்லும் பதிவும் அதோடு போய்விடும். பழுது ரேமிலோ (கணினியின் தற்காலிக நினைவகம்) மின்சாரத்திலோ இருந்தால் தொல்லை மறுபடியும் வரும்.

முதலில் பதிவைப் பாருங்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் 'லாக்ஸ்' செயலியைத் திறந்தால், மேலே தேதியும் நேரமும் போட்ட பட்டியல் இருக்கும். அதில் ஒவ்வொன்றும் கணினியை ஒருமுறை ஆன் செய்ததன் பதிவு. இப்போது ஓடுவதை விட்டு முந்தையதைத் தேர்ந்தெடுத்து, கணினி நின்ற நேரத்தையொட்டிய வரிகளைப் படியுங்கள். 'அவுட் ஆஃப் மெமரி' என்றிருந்தால் நினைவகம் போதவில்லை. 'ஐ/ஓ எரர்' என்றால் டிஸ்க்கையோ கேபிளையோ சந்தேகப்பட வேண்டும். வேறெதையும் தொடுமுன் முக்கியமான கோப்புகளை வெளியே காப்பி எடுத்துவிடுங்கள். அப்புறம் 'டிஸ்க்ஸ்' செயலியில் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் தகவலைப் பார்க்கலாம்.

பிழை எதுவுமில்லாமல் பதிவு பாதியில் அறுந்திருக்கிறதா? அதுவும் நல்ல துப்புதான். எழுதக்கூட நேரமில்லாமல் கணினி நின்றிருக்கிறது. கீழே மேட்டுப்பாளையத்தில் என்றால் சூட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன். குன்னூர், கோத்தகிரி பக்கம் கரண்டும் ஈரமும்தான் முதலில். காற்றுமழையில் கம்பிமேல் மரம் சாயும் காலத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். மேசைக் கணினியை யுபிஎஸ்ஸில் போட்டுப் பாருங்கள். நின்றுபோவது நின்றுவிட்டால் கோளாறு மின்சாரத்தின் பக்கம்தான்.

அடுத்து ரேம். மாதக்கணக்கில் மூடுபனி புகுந்த அறையில் ரேமின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போகலாம். மேசைக் கணினியில் பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, ரேமைக் கழற்றுங்கள். பென்சில் ரப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் தூரிகையால் தட்டுங்கள். ஊதினால் அதுவும் ஈரம். திரும்ப மாட்டும்போது இரு பக்கமும் 'டக்' என்று பூட்ட வேண்டும். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் சும்மா விடாதீர்கள். ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே மாட்டிச் சோதியுங்கள்.

அப்டேட் போட்டதிலிருந்துதான் இந்தத் தொல்லை என்றால், ஆன் ஆகும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையால் க்ரப் பட்டியலை (எதைத் துவக்குவது என்று கேட்கும் திரை) வரவழைத்து, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) தேர்ந்தெடுங்கள். சில நாள் ஒழுங்காக ஓடினால் கோளாறு புதிய கெர்னலில்தான். சரிசெய்த அப்டேட் வரும்வரை பழையதிலேயே வேலை பார்க்கலாம்.