பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்காக வகுப்பு மடிக்கணினியை ஆயத்தப்படுத்துதல்

காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஒரு வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள மாணவர் சேர்ந்தால், அவருக்கு எந்த அளவுக்குப் பார்வை இருக்கிறது என்பதை அவரிடமே கேட்டறிந்த பிறகுதான் கணினியில் கை வைக்க வேண்டும்.

ஓரளவு பார்வை உள்ளவருக்கு விண்டோஸ் விசையுடன் கூட்டல் குறியை அழுத்தினால் திரை பெரிதாகும். விண்டோஸ் விசையை எஸ்கேப் விசையுடன் அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும். கறுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்து சிலருக்கு வசதி, சிலருக்குத் தொல்லை. வேலூர் வெயில் ஜன்னல் வழியே திரையில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யாதபடி இருக்கையையும் மாற்றியமைப்பது நல்லது.

பார்வையே இல்லாதவருக்கு, 2006-இல் ஆஸ்திரேலியாவில் உருவாகத் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பானான (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்) என்விடிஏ போதும். பள்ளிக் கணினியில் மென்பொருள் நிறுவ அனுமதி இல்லையென்றால், அதைப் பென்டிரைவில் வைத்தே இயக்கலாம். அதனுடன் வரும் ஈஸ்பீக் தமிழ்க் குரல் இயந்திரத்தனமாக ஒலிக்கும். விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழ்ப் பேச்சைச் சேர்த்தால் கிடைக்கும் வள்ளுவர் குரல் கேட்பதற்கு இதமானது. பேச்சை நிறுத்த கண்ட்ரோல் விசை ஒன்றே போதும் என்பதை முதல் நாளே சொல்லித்தர வேண்டும். விரல்களுக்கு இடம் காட்ட எஃப், ஜே விசைகளில் மேடு ஏற்கெனவே உண்டு. கை பட்டு அம்புக்குறி நகராதபடி தொடுபலகையை அணைத்துவிடலாம்.

இத்தனை செய்தும் பாடம் கேட்காமல் போவதற்குப் பெரும்பாலும் நாம் கொடுக்கும் கோப்புகளே காரணம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாள் நம் கண்ணுக்குத் தமிழாகவே தெரிந்தாலும், ‘தமிழ்’ என்ற சொல் அந்தக் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே கிடப்பதால், வாசிப்பான் அதைத் தமிழாகப் படிக்க வழியில்லை. அத்தகைய கோப்புகளை என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருள் கொண்டு, தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே பதிவுசெய்யும் யூனிகோடு முறைக்கு மாற்றிவிட்டு, இனிமேல் தமிழ்99 விசைப்பலகையில் யூனிகோடிலேயே தட்டச்சு செய்வது, வேறெந்தச் செலவையும்விட மாணவருக்குப் பயன்படும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம்; அதை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துகள் கிடைக்கும், ஆனால் பிழை திருத்தாமல் கொடுக்கக் கூடாது. வரைபடங்களின் கீழ் ஓரிரு வரி விளக்கம் எழுத வேண்டும். வேலூர்க் கோட்டையின் வரைபடம் என்றால், அகழி கோட்டையை எப்படிச் சூழ்ந்துள்ளது, வாயில் எந்தப் பக்கம் என்று குறிப்பிட்டால்தான் அது விளக்கமாகும். கோப்பைக் கொடுப்பதற்கு முன் ஆசிரியரே திரையைப் பாராமல் ஒருமுறை முழுவதும் கேட்டுப் பார்த்துவிட வேண்டும்.