லே பயணம்: எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதைப் பார்க்காமல் போடும் திட்டங்கள்

காலை விமானத்தில் லடாக்கிலுள்ள லே நகருக்கு வந்து இறங்கும் பலர் பத்து மணிக்கெல்லாம் ஊர் சுற்ற வண்டி ஏறிவிடுகிறார்கள். ஒரு நாளை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம்தான் காரணம். டெல்லியில் 200 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருந்தவர், ஒன்றரை மணி நேரத்தில் 3,500 மீட்டருக்கு வந்துவிடுகிறார். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு இதை உடனே காட்டாது. தலைவலியும் குமட்டலும் பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். பகலில் நன்றாகத்தானே இருக்கிறது என்று லே அரண்மனைக்கும் சாந்தி ஸ்தூபிக்கும் படியேறியவர் இரவில் அவதிப்படுவது அதனால்தான். முதல் 48 மணி நேரம் ஓய்வுக்கு என்றே ஒதுக்குங்கள். முதல் நாள் அறையிலேயே இருங்கள். இரண்டாம் நாள் மாலை கடைவீதியில் மெல்ல நடக்கலாம். சாந்தி ஸ்தூபிக்கு வண்டிப் பாதையும் இருக்கிறது.

இதைவிடப் பெரிய தவறு இடங்களின் வரிசையில் நடக்கிறது. பாங்காங் ஏரியைப் பார்க்கும் ஆசையில் மூன்றாம் நாள் இரவே ஏரிக்கரைக் கூடாரத்தில் தங்கத் திட்டம் போடுகிறார்கள். அந்தக் கரை சுமார் 4,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் எவ்வளவு உயரம் போய்வந்தோம் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் தூங்கினோம் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவம் சொல்லும் பொது விதி.

ஆகவே மூன்றாம் நாள் சிந்து நதியோடு மேற்கே இறங்குங்கள். நிம்முவில் ஜான்ஸ்கர் ஆறு சிந்துவில் கலக்கும் இடம், பாஸ்கோ, லிகிர், ஆல்ச்சி எல்லாம் இந்தப் பக்கம்தான். ஆல்ச்சி லேயைவிட ஏறக்குறைய 400 மீட்டர் தாழ்வு, அங்கேயே ஓர் இரவு தங்கினால் உடம்புக்கு நல்லது. அதன் பிறகு நுப்ரா பள்ளத்தாக்கு. வழியில் 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங்லா கணவாயைக் கடக்க வேண்டும், ஆனால் தூங்கப்போகும் டிஸ்கிட்டும் ஹுண்டரும் 3,100 மீட்டரை ஒட்டியே இருக்கின்றன. கணவாயில் கால் மணி நேரம் போதும். படம் எடுக்கவும் தேநீர் குடிக்கவும் என்று ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, இறங்கும்போது வாந்தி எடுப்பவர்கள் நிறைய.

பாங்காங்கை அதற்கும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நுப்ராவிலிருந்து ஷயோக் ஆற்றங்கரை வழியாக நேரே போவதாக இருந்தால் விடியற்காலையில் கிளம்பிவிட வேண்டும்; அன்றிரவே ஏரிக்கரையில் தூங்கினால் மேலே சொன்ன 500 மீட்டர் விதியைத் தாண்டிவிடுவோம் என்பதும் நினைவில் இருக்கட்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்காலளவு ஓடிய ஓடைகள் பிற்பகலில் சாலையை மறித்துப் பெருகும். ஒரே நாளில் லேயிலிருந்து பாங்காங் போய்த் திரும்புவது பத்து மணி நேர அலைச்சல் என்றாலும், சிறு குழந்தைகளும் வயதானவர்களும் கூட வந்தால் அதுவே மேல். ஏரிக்கரையில் நள்ளிரவில் ஒருவருக்கு முடியாமல் போனால் உயரம் குறைந்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லேக்கு இறங்கும் வழியோ முதலில் 5,300 மீட்டருக்கு மேலுள்ள சாங்லா கணவாயில் ஏறித்தான் போகிறது. கூடாரம் பதிவு செய்யும்போது இதை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை. 4,500 மீட்டரில் இருக்கும் த்சோ மோரிரி ஏரி இன்னும் கடைசி.

கற்பூரத்தை முகர்ந்தால் மலைநோய் வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மூக்கு திறந்ததுபோலத் தோன்றும், அவ்வளவுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு அதிகரிக்காது. குழந்தைகள் விழுங்கிவிட்டால் கற்பூரம் நஞ்சு. கையடக்க ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். அசெட்டசோலமைடு மாத்திரை உதவும்: பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம் என்பதால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மதுவும் தூக்கமாத்திரையும் வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆக்சிஜன் கொடுத்து, கீழே இறக்க வேண்டும்.

ஒரே நாளில் ஐந்து மடாலயங்கள் என்று ஓடுவதில் எதுவும் மனதில் நிற்காது. திக்ஸேயில் காலை வழிபாட்டுக்கு விடியலிலேயே போய்விட்டு, ஹெமிஸைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நாளுக்கு அதுவே நிறைவு. ஆல்ச்சியின் மூன்றடுக்குக் கோயிலில் நிற்கும் மூன்று பெரிய மண்சிலைகளின் வேட்டிகளை நிதானமாகப் பாருங்கள். வருங்காலப் புத்தரான மைத்ரேயரின் வேட்டி முழுக்கப் புத்தரின் வாழ்க்கை தீட்டப்பட்டிருக்கிறது. கருணையின் போதிசத்துவரான அவலோகிதேஸ்வரரின் வேட்டியில் கோயில்களும் அரண்மனைகளும். உள்ளே படமெடுக்கத் தடை. மதிய உணவு நேரத்தில் பல மடாலயங்களில் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஸ்தூபியையும், மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிக்கல் சுவரையும் வலமாகத்தான் சுற்ற வேண்டும்.

நிம்முவுக்குப் போகும் நெடுஞ்சாலையில், நிறுத்திய வண்டி தானாக மேடேறும் என்று சொல்லப்படும் ‘காந்த மலை’யில் காந்தம் கிடையாது. சுற்றியுள்ள சரிவுகளால் இறக்கம் ஏற்றமாகத் தெரிகிறது. நெடுஞ்சாலையின் நடுவில் வண்டியை நிறுத்திச் சோதிக்காதீர்கள்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். மணாலியில் வாடகைக்கு எடுத்த பைக்கில் லே வரை வரலாம், ஆனால் அதே பைக்கில் நுப்ராவுக்கோ பாங்காங்குக்கோ போக உள்ளூர்ச் சங்கங்கள் விடுவதில்லை. எல்லைப் பகுதி அனுமதி விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கிளம்பும் வாரத்தில் லே மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிட்டு, அடையாள அட்டை நகல்களோடு போங்கள்.

திரும்பும் நாளன்றே டெல்லியிலிருந்து அடுத்த விமானத்துக்குச் சீட்டு எடுத்துவிடாதீர்கள். பிற்பகலில் காற்று பலமாக வீசுவதால் லேயில் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் இயங்குகின்றன. வானிலையால் காலை விமானம் ரத்தானால் மறுநாள்வரை காத்திருக்க நேரலாம். அதற்கென்று ஒரு நாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.