பன்னி ஹாப்: சைக்கிளோடு தரையை விட்டு எழக் கற்றுக்கொள்வது எப்படி?

ஓடும் சைக்கிளில் முதலில் முன்சக்கரம் எழும்பும். அது இறங்குவதற்குள் பின்சக்கரமும் எழும்பிவிடும். ஒரு நொடிக்கும் குறைவான நேரம் ஆளும் சைக்கிளும் காற்றில் இருப்பார்கள். முயல் தாவுவது போல இருப்பதால்தான் ‘பன்னி ஹாப்’ (முயல் தாவல்) என்று பெயர்.

சிறிய சைக்கிளில் வித்தைகள் செய்துகாட்டும் பிஎம்எக்ஸ் ஃப்ரீஸ்டைல் போட்டி முதன்முதலில் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது டோக்கியோவில், 2021-ல். பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற சார்லட் வொர்திங்டன், பின்பக்கமாகக் கரணம் போட்டபடியே ஒரு முழுச்சுற்றும் சுற்றும் 360 பேக்ஃப்ளிப்பை அடித்தார். முதல் ஓட்டத்தில் அதே வித்தையில்தான் விழுந்தார். இரண்டாவது ஓட்டத்தில் மறுபடி அதையே எடுத்து, சுத்தமாகத் தரையிறங்கினார். அங்கே ஆளை மேலே அனுப்பும் வேலையில் பெரும்பங்கை ராம்ப் எனும் சாய்தளம் பார்த்துக்கொள்கிறது. சமதரையில் அந்த உதவி கிடையாது. எழும்பும் உயரம் முழுவதும் உங்கள் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வர வேண்டும். ராம்ப் பக்கம் போவதற்கு முன் பன்னி ஹாப்பைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

நான் கற்ற காலத்தில் முதல் மூன்று வாரம் ஹேண்டில்பாரைக் கையால் இழுத்து இழுத்தே முயன்றேன். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம், பின்சக்கரம் அசையவே இல்லை. பிறகு ஒரு நண்பர் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது: என் உடம்பு குதிக்கவே இல்லை. நீங்கள் குதித்தால்தான் சைக்கிள் வரும். உடல் மேலே போன பிறகு, காலுக்கடியில் கிடைக்கும் இடத்துக்குள் சைக்கிளை ஏற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

முதலில் சைக்கிள்

20 அங்குலச் சக்கரம் கொண்ட பிஎம்எக்ஸ் சைக்கிள் இருந்தால் வசதி. மலைப்பாதை சைக்கிளிலும் செய்யலாம், ஆனால் சீட்டை முழுக்க இறக்கிவிடுங்கள். சீட் மேலே இருந்தால் இடுப்பு பின்னால் போக வழியிருக்காது. சக்கர நட்டுகளையும் ஹேண்டில்பார் போல்ட்டுகளையும் முறுக்கிப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் காற்று நன்றாக இருக்கட்டும். ஹெல்மெட் கட்டாயம். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தை மறைக்கும் காப்பும் போடுங்கள், ஏனென்றால் முதல் வாரத்தில் பெடல் எகிறி அடிப்பது அங்கேதான்.

பெடல் தட்டையாக, ஷூவைப் பற்றும் முள் வைத்ததாக இருக்க வேண்டும். ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடலில் பழகாதீர்கள். அதில் காலைத் தூக்கினாலே சைக்கிள் வந்துவிடும், நுட்பம் வராது.

படி 1: நிற்கும் நிலை

வேக நடைக்கும் மெல்லோட்டத்துக்கும் இடைப்பட்ட வேகம் போதும். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், பழக்கமான கால் முன்னால். சீட்டில் உட்காராமல் எழுந்து நில்லுங்கள். முழங்காலும் முழங்கையும் லேசாக மடங்கியிருக்கட்டும். ஒரு விரல் பின் பிரேக் மேல். பார்வை சில மீட்டர் முன்னால் இருக்கட்டும், முன்சக்கரத்தில் வேண்டாம்.

படி 2: முன்சக்கரம்

உடம்பைக் கீழே அழுத்தி, அந்த வேகத்திலேயே இடுப்பைப் பின்சக்கரத்துக்கு மேலாகத் தள்ளுங்கள். பின்னால் ஒரு முக்காலி இருக்கிறது, அதில் உட்காரப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிகால் தாழ்ந்திருக்க வேண்டும். கை மடங்காமல் நீளும். உடலின் எடையே ஹேண்டில்பாரை இழுத்து முன்சக்கரத்தைத் தூக்கிவிடும். அளவுக்கு மீறி எழும்பினால் பின் பிரேக்கைத் தொடுங்கள், உடனே இறங்கிவிடும். கை தானாகவே அந்த பிரேக்கைத் தேடும் வரை வேறெதற்கும் போகாதீர்கள். மல்லாந்து விழும் பயம் போவதும் அப்போதுதான்.

படி 3: பின்சக்கரம்

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது இங்கேதான், எனவே இதைத் தனியாகப் பழகுங்கள். சைக்கிளை நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடல் மேல் நில்லுங்கள். பாதத்தின் நுனியைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பெடலைப் பின்பக்கமாக அழுத்தி, அந்த அழுத்தம் விடாமல் காலை மேலே உயர்த்துங்கள். செருப்பில் ஒட்டிய சேற்றைப் படியின் விளிம்பில் பின்னோக்கி வழிப்போமே, அந்த அசைவுதான். பெடலின் முட்கள் ஷூவின் அடியில் குத்திப் பிடிப்பதை உள்ளங்காலில் உணர்வீர்கள். பின்சக்கரம் ஒரு முஷ்டி அளவு உயரம் எழுந்தால் போதும். அதற்கு மேல் போனால் தலைக்குப்புற விழ நேரும்.

படி 4: சேர்ப்பது

முன்சக்கரம் எழும்பியதும் பின்னாலேயே தங்கிவிடாதீர்கள். காலையும் இடுப்பையும் வெடுக்கென்று நிமிர்த்தி எழுங்கள். இடுப்பு ஹேண்டில்பாரை நோக்கி வர வேண்டும், பார் தொடை வரை வந்துவிடும். இதுதான் குதிப்பு. உடல் உச்சிக்குப் போகும் அந்தக் கணத்தில் ஹேண்டில்பாரை முன்னால் தள்ளுங்கள், பாதத்தால் பின்னோக்கி வழியுங்கள், முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். சைக்கிள் மட்டமாகும்.

இறங்கும்போது இரண்டு சக்கரமும் ஒன்றாக, அல்லது பின்சக்கரம் நூலளவு முன்னதாகத் தரையைத் தொடட்டும். கைகால் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

தாண்டிப் பழக ஒரு லேசான குச்சியை இரண்டு காகிதக் கோப்பைகள் மேல் வையுங்கள். பட்டாலும் விழுந்துவிடும், உங்களை விழவைக்காது. முன்சக்கரத்தை ஏறக்குறைய ஒரு சைக்கிள் நீளத்துக்கு முன்பே எழுப்பத் தொடங்குங்கள். வேகம் கூடினால் இன்னும் முன்பே. குச்சி விழும் சத்தத்தைக் கவனியுங்கள். முன்சக்கரம் கடந்த பிறகு விழுந்தால், வழிப்பது தாமதமாகிறது அல்லது நிமிராமலே காலைத் தூக்குகிறீர்கள். பின்சக்கரம் கடந்தும் சைக்கிளின் முன்பக்கம் கீழே குத்தினால் பாரை அதிகமாகத் தள்ளுகிறீர்கள். சைக்கிள் ஒருபக்கம் திரும்பினால் ஒரு கை மட்டும் இழுக்கிறது.

போனைத் தரையில் சாய்த்து வைத்துப் பக்கவாட்டில் படம் எடுங்கள். முன்சக்கரம் மேலேறும் நொடியில் நிறுத்திப் பாருங்கள்: முழங்கை மடங்கியிருந்தால் இன்னும் கையால்தான் இழுக்கிறீர்கள், படி 2-க்குத் திரும்புங்கள்.

ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். கால் தளர்ந்த பிறகு செய்யும் ஒவ்வொரு முயற்சியிலும் உடம்பு தவறான அசைவைத்தான் மனப்பாடம் செய்கிறது. குச்சி பத்தில் எட்டு முறை விழாமல் நின்றால், கோப்பைக்கு மேல் இன்னொரு கோப்பையைக் கவிழ்த்து வையுங்கள்.