ஒரு சட்டப் பேராசிரியரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி? லோதிகா சர்க்காரை முன்வைத்து

எங்கள் சட்டக் கல்லூரியில் ஆண்டுதோறும் மகளிர் தினத்தை ஒட்டி ஒரு கட்டுரைப் போட்டி வைப்பார்கள். கௌரவ விரிவுரையாளர் என்பதால் திருத்துகிற வேலை என் தலையில் விழும். வரும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "தடைகளைத் தகர்த்தெறிந்து சாதனை படைத்த முதல் பெண்மணி..." பெயரை மாற்றிவிட்டால் அதே கட்டுரையை விமானிக்கும் கொடுக்கலாம், விளையாட்டு வீராங்கனைக்கும் கொடுக்கலாம். இந்த ஆண்டு எழுதப்போகிறவர்களுக்காக, நான் வகுப்பில் சொல்வதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு லோதிகா சர்க்கார். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர். 1923இல் பிறந்து 2013இல் மறைந்தார்.

முதலில் ஒரு நோட்டை எடுத்துத் தேதிகளை மட்டும் எழுதுங்கள். கேம்பிரிட்ஜில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்பதும், டெல்லி சட்டப் புலத்தின் முதல் பெண் ஆசிரியர் என்பதும் அதில் இருக்கட்டும். ஆனால் இரண்டையும் இப்போதைக்கு அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள். ஒரு பதவிக்கு முதலில் போனவர் யார் என்பது அந்தப் பதவியைப் பற்றிய செய்தி. போனவர் அங்கே என்ன செய்தார் என்பது அதில் இல்லை. சட்ட ஆசிரியர் என்றால் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இவர் எழுதியதாலோ பேசியதாலோ எந்தச் சட்டத்தின் எந்த வரி மாறியது?

லோதிகா சர்க்கார் விஷயத்தில் அந்த வரியைப் பிடிக்க ஒரு தீர்ப்பைப் படித்தாக வேண்டும். துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு, உச்ச நீதிமன்றம், 15 செப்டம்பர் 1978. உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர் தளத்தில் காசில்லாமல் தேடலாம். நீளமான தீர்ப்பு இல்லை, ஒரே மூச்சில் படித்துவிடலாம். 1972 மார்ச் மாதம் ஓர் இரவு, மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்கு ஒரு புகார் தொடர்பாகப் பழங்குடிச் சிறுமி ஒருத்தி வரவழைக்கப்படுகிறாள். உடன் வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவளை மட்டும் உள்ளே நிறுத்திவைக்கிறார்கள். ஒரு காவலர் வன்புணர்ந்தார், தலைமைக் காவலர் அத்துமீறினார் என்பது வழக்கு. செஷன்ஸ் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தண்டித்தது. உச்ச நீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது. உடலில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடிய அடையாளம் இல்லை, ஆகவே சம்மதம் இல்லை என்பது நிரூபிக்கப்படவில்லை என்பது அதன் போக்கு. தீர்ப்பு வழங்கிய மூவரில் ஒருவரான நீதிபதி கைலாசம் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

இந்த வழக்கை அந்தச் சிறுமியின் பெயரால்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் சொல்வதில்லை, நீங்களும் எழுத வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் பெயரை அச்சிடுவதைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 228ஏ, இந்த வழக்குக்குப் பிறகு வந்த 1983 திருத்தத்தில்தான் சேர்க்கப்பட்டது. அந்தத் திருத்தத்துக்காகக் குரல் கொடுத்தவரைப் பற்றிய கட்டுரையிலேயே பெயரைப் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

தீர்ப்புக்கு ஓராண்டு கழித்து, 16 செப்டம்பர் 1979 அன்று, நான்கு சட்ட ஆசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள்: உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார். தீர்ப்பையும் மடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் நீதிமன்றம் சொன்னது, வலப்பக்கம் மடல் கேட்டது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். எதிர்க்கவில்லை என்று இடப்பக்கம் எழுதினால், பணிந்துபோவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்று வலப்பக்கம் வரும். கூச்சலிடவில்லை என்பதற்கு எதிரே, இரவில், காவல் நிலையத்துக்குள், இரண்டு போலீஸ்காரர்களுக்கு முன் ஓர் ஏழைப் பெண் எப்படிக் கூச்சலிடுவாள் என்ற கேள்வி. அந்த நேரத்தில் ஒரு சிறுமியைக் காவல் நிலையத்தில் நிறுத்திவைத்ததைத் தீர்ப்பு ஒரு வார்த்தைகூடக் கண்டிக்கவில்லையே என்பதற்கு மட்டும் இடப்பக்கம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தை அப்படியே கட்டுரையில் சொல்லுங்கள்.

இதைச் செய்த மாணவிக்குப் பாராட்டு வாக்கியங்கள் தேவைப்படாது. போன முறை வந்த ஒரு வரி: "லோதிகா சர்க்கார் பெண்களின் உரிமைக்காக அயராது பாடுபட்டார்." நான் மாற்றச் சொன்னது: "உச்ச நீதிமன்றம் சொன்னால் சொன்னதுதான் என்றிருந்த காலத்தில், பணியில் இருந்த ஒரு சட்ட ஆசிரியர் தலைமை நீதிபதிக்கு எழுதிய மடலில் கையெழுத்திட்டார், சம்மதம் என்ற சொல்லுக்கு நீதிமன்றம் கொடுத்த பொருள் தவறு என்று அது வாதிட்டது." இரண்டாவது நீளம்தான், ஆனால் வேறு யாருக்கும் பொருந்தாது.

அப்புறம் சட்டத்தின் பின்னாலேயே போங்கள். மடல் வெளியான பிறகு 1980இல் பல ஊர்களில் பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. அதே ஆண்டு சட்ட ஆணையம், வன்புணர்வுச் சட்டம் பற்றிய தன் 84ஆவது அறிக்கையைக் கொடுத்தது. 1983இல் சாட்சியச் சட்டத்தில் 114ஏ நுழைந்தது. காவலில் நடந்த வன்புணர்வு போன்ற வழக்குகளில், உறவு நடந்தது நிரூபணமாகி, சம்மதிக்கவில்லை என்று பெண் நீதிமன்றத்தில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பிரிவு. எல்லா வன்புணர்வு வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் போய்விடும். 2024 ஜூலை 1 முதல், பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் இதன் எண் 120. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்தே கொடுங்கள். இன்னொன்று, சட்டத்தை லோதிகா சர்க்கார் மாற்றினார் என்று ஒற்றை ஆளின் கணக்கில் எழுதாதீர்கள். மடலில் நான்கு கையெழுத்து இருக்கிறது, ஊர்வலங்களில் ஆயிரக்கணக்கான கால்கள் இருந்தன.

அடுத்தது அறிக்கைகள். இவற்றை யாரும் தொடுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். 1971இல் மத்திய அரசு இந்தியப் பெண்களின் நிலையை ஆராய ஒரு குழு அமைத்தது. லோதிகா சர்க்கார் அதில் உறுப்பினர், வீணா மஜும்தார் உறுப்பினர் செயலர். "சமத்துவத்தை நோக்கி" என்ற அந்த அறிக்கையில், ஆயிரம் ஆண்களுக்கு 1901இல் 972 ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 1971இல் 930 ஆகக் குறைந்தது எடுத்துக்காட்டப்பட்டது. கட்டுரைகளில் இந்த எண் வந்துவிடும். அறிக்கையில் இருக்கும் மாறுபட்ட கருத்துக் குறிப்பு மட்டும் வராது. சட்டமன்றங்களில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு வேண்டாம் என்று குழுவின் பெரும்பான்மை முடிவெடுத்தபோது, வேண்டும் என்று தனியாக எழுதிக் கொடுத்தவர்கள் வீணா மஜும்தாரும் லோதிகா சர்க்காரும். உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு என்ற 73ஆவது திருத்தம் 1993இல்தான் நடைமுறைக்கு வந்தது. மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்குமான 106ஆவது திருத்தம் 2023இல் நிறைவேறியது. ஓர் ஆசிரியரின் துணிச்சலை அளக்க வேண்டுமானால் அவர் எங்கே சிறுபான்மையாக நின்றார் என்று பாருங்கள். குழு அறிக்கை எதுவானாலும் நான் கடைசிப் பக்கங்களிலிருந்துதான் திறப்பேன்.

துணைவேந்தராக இருந்தவரை எழுதுகிறீர்களா? அப்போதும் இதே வழிதான், வேலை கொஞ்சம் கூடும். இலங்கையின் சாவித்திரி குணசேகர 1999 முதல் 2002 வரை கொழும்புப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அதே காலத்தில் பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான ஐ.நா. குழுவிலும் இருந்தார். 2008இல் ஜப்பானின் ஃபுகுவோகா விருது பெற்றார். இந்த மூன்றையும் வரிசையாக எழுதினால் சுயவிவரப் படிவம்தான் கிடைக்கும். அவர் பேனா எடுத்தபோது அந்த நாட்டில் சட்டம் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். டச்சுக்காரர் ஆட்சியில் வந்த ரோமன்-டச்சுச் சட்டம் ஒருபுறம், கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை ஒருபுறம். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்த நிலத்தை விற்கவும் கணவரின் சம்மதம் வேண்டும். குழந்தைகளுக்கும் பெண்களுக்குமான உரிமைகளை அவர் எழுதியது இந்தப் பின்னணியில். கூடவே, துணைவேந்தருக்கு என்ன அதிகாரம் உண்டு என்பதை 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தில் பார்த்துவிட்டுப் பாராட்டுங்கள்.

சொந்த வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். லோதிகா சர்க்காரின் கணவர் சஞ்சல் சர்க்கார் பத்திரிகையாளர். 1980இல் டெல்லியில் பெண்கள் மேம்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கியவர்களில் லோதிகாவும் ஒருவர். இதற்கு ஒரு பத்தி போதும். கணவர் இறந்த பிறகு முதுமையில் அவருடைய டெல்லி வீடு கைமாறியது பற்றி ஒரு தகராறு வழக்காகப் போனது. நண்பர்களும் பழைய மாணவர்களும் அவர் பக்கம் நின்றார்கள். இது உருக்கமான செய்திதான், எழுதக் கை துறுதுறுக்கும். பத்திரிகைத் தலைப்பை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். நீதிமன்ற உத்தரவின் நகல் கையில் கிடைத்தால், அதில் உள்ளதை மட்டும் தேதியோடு எழுதுங்கள். கிடைக்கவில்லையா, சரி, அந்தப் பத்தியே வேண்டாம்.